ஃப்ளெக்ஸில் இருக்கும் சம்பளம் வேறு, அக்னிவீரருக்கு வரும் சம்பளம் வேறு

ராணுவத்தில் சேரப் பயிற்சி தருகிறோம் என்று சொல்லும் அகாடமி எதிலாவது பிள்ளைகளைச் சேர்க்கப் போகிறவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். என் அக்கா பையனுக்கு நடந்ததை எழுதுகிறேன். வழக்கு நடப்பதால் அகாடமியின் பெயரோ ஊரோ சொல்லப் போவதில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை, இதே பாணியில் நிறையப் பேர் நடத்துகிறார்கள்.

ஊர் முழுக்க அவர்களுடைய ஃப்ளெக்ஸ்தான். "பிளஸ் டூ போதும். மாதம் 45,000 சம்பளம். நான்கே வருடத்தில் 12 லட்சம். ஆயுள் முழுக்கப் பென்ஷன். கேன்டீன் வசதி. குடும்பத்துக்கு இலவச மருத்துவம். தேர்வாகாவிட்டால் முழுப் பணமும் திரும்பத் தரப்படும்." கீழே மீசை வைத்த ஒருவர் சல்யூட் அடித்துக்கொண்டிருப்பார். அக்கா நகையை வைத்து, விடுதியோடு சேர்த்து 85,000 ரூபாய் பேசி, அதில் 60,000 கட்டிவிட்டார். நான் அப்போது வெளி மாநிலத்தில் செக்யூரிட்டி வேலையில் இருந்தேன். எனக்கு விஷயம் தெரிந்தது பையன் ஊருக்குத் திரும்பிய பிறகுதான்.

நான் ராணுவத்தில் நாயக்காக (சிப்பாய்க்கு மேலே உள்ள ஒரு ரேங்க்) இருந்து டிஸ்சார்ஜ் ஆனவன். அந்த ஃப்ளெக்ஸின் போட்டோவைப் பார்த்ததும் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம். அதில் இருக்கும் சலுகைகளைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எல்லாமே எங்கோ ஒரு சிப்பாய்க்கு உண்மைதான். ஆனால் அத்தனையும் ஒரே ஆளுக்குக் கிடைக்காது. பழைய முறையில் சேர்ந்தவனின் பென்ஷனையும் புது முறையில் சேருகிறவனின் மொத்தத் தொகையையும் ஒரே தட்டில் வைத்து விற்கிறார்கள்.

முதலில் அந்த 45,000 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஏழாவது சம்பளக் கமிஷன்படி நிரந்தரப் பணியில் இருக்கும் சிப்பாயின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 21,700. அதோடு ராணுவப் பணிக்கென்று தனியாகத் தரும் எம்.எஸ்.பி. 5,200. இரண்டும் சேர்ந்து 26,900. இதன் மேல் டி.ஏ., அதாவது அகவிலைப்படி ஏறும். அது 2024 ஜனவரியிலேயே ஐம்பது சதவீதத்தைத் தொட்டுவிட்டதால், கூட்டினால் நாற்பதாயிரத்தைத் தாண்டும். போஸ்டிங் இடத்தைப் பொறுத்து மற்ற படிகளும் வரும். ஆக 45,000 என்பது நிரந்தரச் சிப்பாய் வாங்கும் சம்பளம். இன்றைக்குச் சிப்பாயாகச் சேரப் போகும் பையனுக்கு அந்தக் கணக்கே பொருந்தாது.

2022 ஜூன் 14 அன்று அக்னிபத் என்ற புது ஆள்சேர்ப்புத் திட்டத்தை அறிவித்த பிறகு, அதிகாரி அல்லாத பணிகளுக்கு ஆள் எடுப்பது பெரும்பாலும் அக்னிவீரராகத்தான். நான்கு வருடம். முதல் வருடம் மாதம் 30,000. இரண்டாம் வருடம் 33,000, மூன்றாம் வருடம் 36,500, நான்காம் வருடம் 40,000. இதில் டி.ஏ. கிடையாது, எம்.எஸ்.பி. கிடையாது. கடினமான இடங்களில் பணி செய்வதற்கான படி, ரேஷன், உடை, பயணம் இவற்றுக்கானவை உண்டு. இந்தச் சம்பளமும் முழுதாகக் கைக்கு வராது. மாதாமாதம் 30 சதவீதம் பிடித்து ஒரு நிதியில் போடுவார்கள். அதனால் முதல் வருடம் கையில் வருவது 21,000, நான்காம் வருடம் 28,000.

சரி, அந்த 12 லட்சம்? அதுவும் இருக்கிறது. பையனிடம் பிடித்த பணம் நான்கு வருடத்தில் 5 லட்சத்து 2 ஆயிரம் சேரும். அதே அளவு அரசும் போடும். வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வருமான வரி இல்லாமல், வெளியே வரும்போது கிடைக்கும். இதன் பெயர் சேவா நிதி. பாதி அவன் சம்பளத்திலிருந்து எடுத்ததுதான் என்பதை எந்த ஃப்ளெக்ஸும் சொல்லாது. 45,000 சம்பளத்தோடு கூடுதலாக 12 லட்சம் என்றுதான் அக்காவும் புரிந்துகொண்டிருந்தார். அப்படிப் புரிய வேண்டும் என்றுதானே அடித்திருக்கிறார்கள்!

பென்ஷன் கதை இன்னும் மோசம். சிப்பாய்க்குப் பென்ஷன் வர பதினைந்து வருட சர்வீஸ் வேண்டும். நான்கு வருடத்தில் வெளியே வருகிறவருக்குப் பென்ஷனும் இல்லை, கிராஜுவிட்டியும் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லை. ஆகவே எங்களைப் போல இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமும் இல்லை, கேன்டீன் கார்டும் இல்லை. பணியில் இருக்கும் வரை ராணுவ மருத்துவமனையும் கேன்டீனும் உண்டு, அவ்வளவுதான். ஒரு பேட்சில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை நிரந்தரப் பணிக்கு எடுப்பார்கள். அவர்களுக்குத்தான் இந்தப் பென்ஷன் பேச்செல்லாம். மீதி 75 சதவீதம் வீட்டுக்கு வரும். துணை ராணுவப் படைகளில் அவர்களுக்கு இட ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் அதற்கும் தனியாக விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும்.

அக்னிபத் நல்லதா கெட்டதா என்று சண்டை போட நான் வரவில்லை. பிளஸ் டூ முடித்த பையன் நான்கு வருடம் உழைத்து, பதினொரு லட்சத்தோடு வெளியே வருவது சில குடும்பங்களுக்குப் பெரிய விஷயம். 48 லட்சத்துக்குக் காப்பீடு இருக்கிறது, அதற்குப் பையன் பிரீமியம் கட்ட வேண்டியதும் இல்லை. ஆனால் எதற்காகச் சேருகிறோம் என்று தெரிந்து சேர வேண்டும். எங்கள் பையனுக்கு ஆறு மாதம் விடுதியில் இருந்தும் சேவா நிதி என்ற பெயரே தெரியவில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கிரவுண்டில் நன்றாகத்தான் பயிற்சி கொடுத்தார்கள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண், பையன் அதற்குள் ஓடினான். பீம், அதாவது கம்பியைப் பிடித்துத் தொங்கி உடலை மேலே தூக்குவது, அதிலும் பத்தும் எடுத்தான். ஆனால் 2023 முதல் கம்ப்யூட்டரில் எழுத்துத் தேர்வு முதலில் வருகிறது. அதில் தேறினால்தான் கிரவுண்டுக்கே கூப்பிடுவார்கள். அதற்கான வகுப்பு என்ற பெயரில் ஒரு பழைய கைடைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். பையன் எழுத்துத் தேர்விலேயே நின்றுவிட்டான்.

நடுவில் இன்னொன்று. "உள்ளே ஆள் இருக்கிறது, ஒன்றரை லட்சம் தனியாகக் கொடுத்தால் முடித்துவிடலாம்" என்று விடுதி வார்டன் மூலமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அக்காவிடம் பணம் இல்லாததால் அது தப்பியது. இதைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சொந்த முயற்சியில் தேர்வான பையன்களிடம் "நாங்கள்தான் முடித்தோம்" என்று பணத்தை வைத்துக்கொள்வதும், தேறாதவனுக்கு இழுத்தடித்துப் பாதியைத் திருப்புவதும்தான் இந்த ஏஜென்ட்களின் தொழில். என் சர்வீஸ் காலத்திலும் இதே வித்தைதான்.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். எழுத்துத் தேர்வில் தோற்றால் பொருந்தாது, மெடிக்கலில் போனால் பொருந்தாது, வருகை 95 சதவீதத்துக்குக் குறைந்தால் பொருந்தாது. வேறு எப்படித்தான் ஒருவன் தேர்வாகாமல் போவான்? போதாக்குறைக்கு, பாக்கி 25,000 கட்டினால்தான் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் டி.சி.யும் தருவோம் என்றார்கள். கல்லூரிச் சேர்க்கை போய்க்கொண்டிருந்த நேரம். அதைத் தெரிந்துதான் கழுத்தைப் பிடித்தார்கள்.

நானே நேரில் போனேன். போர்டில் "முன்னாள் ராணுவ வீரர்" என்று போட்டிருந்ததால், எந்த ரெஜிமென்ட், எந்த வருஷம் டிஸ்சார்ஜ் என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அகாடமி நடத்துகிறவர் பேச்சை மாற்றிவிட்டார். ஃப்ளெக்ஸில் இருக்கும் பென்ஷன் யாருக்கு என்று கேட்டதற்கு, "அண்ணே, நீங்க சர்வீஸ்ல இருந்தவங்க, உங்களுக்குத் தெரியாததா? பசங்களுக்கு ஒரு மோட்டிவேஷன் வேணும்ல" என்றார்.

மறுநாளே காவல் நிலையத்தில் மனு கொடுத்தோம். கட்டண பாக்கிக்காகச் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பதையும் மனுவில் எழுதினேன். ஸ்டேஷனிலிருந்து ஒரு போன் போனதும் சான்றிதழ்கள் வந்துவிட்டன. பணம் வரவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம், பதில் இல்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. வேலை உறுதி, தேர்ச்சி உறுதி என்று பொய் விளம்பரம் செய்யக் கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களுக்கு நெறிமுறை போட்டிருக்கிறது. அதையும் சேர்த்திருக்கிறோம்.

வழக்கில் எங்களுக்குக் கைகொடுப்பது மூன்று: ஃப்ளெக்ஸின் போட்டோ, ரசீதின் இரண்டு பக்கமும், ஜிபேயில் அனுப்பிய பதிவு. ஃப்ளெக்ஸை இப்போது மாற்றிவிட்டார்கள், பழையதைப் பையன் செல்ஃபி எடுத்திருந்ததால் பிழைத்தோம். ரொக்கமாகக் கொடுத்த பத்தாயிரத்துக்குச் சாட்சி இல்லை, அதை வழக்கில் கேட்கவே முடியவில்லை.

இன்னும் அகாடமியில்தான் சேர்ப்பேன் என்றால், ஒரிஜினல் சான்றிதழை மட்டும் கொடுக்காதீர்கள், நகல் போதும். ஒரிஜினலை ராணுவம் கேட்பது ரேலியின்போதுதான், அதாவது கிரவுண்டில் நடக்கும் ஆள்சேர்ப்பு முகாமில். சம்பளம், சேவா நிதி, விதிமுறை எல்லாம் ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்திலேயே இருக்கின்றன. விண்ணப்பக் கட்டணம் 250 ரூபாய், அதை நீங்களே ஆன்லைனில் கட்டலாம். சந்தேகம் இருந்தால் சென்னை, கோயம்புத்தூர், திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகங்களில் கேட்கலாம்.