ஸ்கேன் எடுக்கும் முன்பே கடன் போட்டுவிட்டார்கள்: வேலூரில் லேசர் கண் ஆபரேஷனுக்குப் போய் நான் பட்ட பாடு

எனக்கு வலது கண் மைனஸ் 8, இடது மைனஸ் 7. ஏழாவது படிக்கும்போது ஏறிய கண்ணாடி, இப்போது வயது 29. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை, காட்பாடியிலிருந்து திருவலம் வழியாகத் தினமும் பைக். மே மாதத்தில் நம்மூர் வெயில் எப்படி என்று உங்களுக்கே தெரியும். வியர்வையில் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருக்கும், கையில் பசை இருப்பதால் தள்ளிவிடவும் முடியாது. அதற்காகத்தான் இரண்டு வருடமாகக் கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன். லேசர் செய்துகொள்ளலாம் என்ற ஆசையும் அப்படி வந்ததுதான். ஆசைப்பட்டது தப்பில்லை, போய் மாட்டிய இடம்தான் தப்பு.

கம்பெனி கேட்டில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். இலவசப் பரிசோதனை முகாம், இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 35,000, "வாழ்நாள் முழுக்கக் கண்ணாடி வேண்டாம்". போனேன். இடத்தின் பெயரை எழுதவில்லை, கேட்காதீர்கள். ஏசி அறை, காபி, சட்டையில் பேட்ஜ் குத்திய ஒரு பெண். பேட்ஜில் கவுன்சிலர் என்று இருந்தது. அரை மணி நேரம் பேசினார், டாக்டர் முகத்தையே அன்று பார்க்கவில்லை. 35,000 என்பது பிளேடு வைத்துச் செய்யும் பழைய முறையாம், "உங்க பவருக்கு அது சேஃப் இல்ல சார்", பிளேடு இல்லாத முறைக்கு 77,000, இந்த மாதத்துக்குள் பதிவு செய்தால்தான் அந்த விலை. அமெரிக்க டெக்னாலஜி என்று நாலைந்து தடவை சொன்னார். (பிறகு தேடிப் பார்த்தேன். இந்த ஆபரேஷனில் பயன்படும் எக்சைமர் லேசரால் திசுவைச் சுடாமல் சுத்தமாகச் செதுக்க முடியும் என்று 1981-இல் ஐபிஎம் ஆய்வகத்தில் கண்டவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த சீனிவாசன், பண்டிகை விருந்தில் மீந்த வான்கோழியை வைத்துத்தான் சோதித்தார்களாம். கருவி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.)

முன்பணம் 5,000 ஜிபே செய்தேன். மீதிக்கு வட்டியில்லா தவணை, "எலிஜிபிலிட்டி மட்டும் பார்க்கிறோம் சார்" என்று ஆதார், பான் வாங்கிக்கொண்டு, வந்த ஓடிபியையும் கேட்டார்கள். சொன்னேன். ஆமாம், சொன்னேன், திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள். அப்புறம்தான் ஸ்கேன் அறைக்குக் கூட்டிப் போனார்கள். கண்ணில் லென்ஸ் இருந்தது. "கழட்டிட்டு உட்காருங்க" என்றார் அந்தப் பையன், கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. எல்லாம் நார்மல், அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷன் என்று தேதியும் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வருவதற்குள் மெசேஜ்: 72,000 ரூபாய் கடன் வழங்கப்பட்டது, முதல் தவணை 5-ஆம் தேதி.

அம்மாவிடம் சொன்னபோது, "கண்ணு இன்னா செருப்பாடா, தேஞ்சா வேற மாத்திக்க? இன்னொரு டாக்டராண்ட காட்டிட்டு அப்புறம் பண்ணு" என்றார். அக்கா வீட்டுக்காரரைக் கேட்டேன். மாமா 28 வயதில் லேசர் செய்துகொண்டவர், இன்றைக்கும் பைக், கார் எல்லாம் கண்ணாடி இல்லாமல்தான். ஆனால் 44 வயதில் பேப்பர் படிக்கக் கண்ணாடி வந்துவிட்டது. நாற்பதைத் தாண்டினால் பக்கத்தில் இருப்பதைப் படிக்கக் கண்ணாடி அநேகமாக எல்லோருக்கும் வருவதுதான், லேசர் அதைத் தடுக்காது. "வாழ்நாள் முழுக்க" என்ற நோட்டீஸ் அங்கேயே கிழிந்தது. மாமா கேட்ட இன்னொரு கேள்வி: "லென்ஸ் எத்தனை நாள் முன்னாடி நிறுத்தினே?"

வேறொரு கண் மருத்துவரிடம் போனேன். அவர் ஸ்கேனே எடுக்காமல் திருப்பி அனுப்பினார், இரண்டு வாரம் லென்ஸைத் தொடாமல் வரச் சொல்லி. லென்ஸ் அழுத்தி அழுத்திக் கார்னியாவின் (கருவிழிக்கு மேலே கண்ணாடி மாதிரி இருக்கும் படலம், லேசர் செதுக்குவது இதைத்தான்) வடிவமே மாறியிருக்குமாம், அது பழைய நிலைக்கு வந்த பிறகு எடுத்தால்தான் அளவு நிஜம். இரண்டு வாரம் கழித்துப் போனால் முதல் கேள்வி, கண்ணை அடிக்கடிக் கசக்குவீர்களா? பசை வாடையில் எரியும், கசக்குவேன். கண்ணீர் சுரக்கிறதா என்று இமைக்குள் காகிதம் வைத்துப் பார்த்தார், மருந்து போட்டு விழித்திரையும் பார்த்தார். முதல் இடத்தில் இதெல்லாம் கிடையாது.

பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். என் வலது கார்னியாவின் தடிமன் 468 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்), பலருக்கு 540 பக்கம் இருக்குமாம். செதுக்கும் முன் கார்னியாவின் மேல்பகுதியை மூடி மாதிரி வெட்டித் திறப்பார்கள், அந்த மடலுக்கு 110 போகும். ஒரு பவருக்கு 12 முதல் 15 வரை செதுக்க வேண்டும், 14 என்று வைத்தால் எட்டுக்கு 112. மிச்சம் 246. குறைந்தது 250-ஆவது அடியில் விட்டாக வேண்டும், 300 இருந்தால் நிம்மதி என்றார். அதைவிடப் பெரிய விஷயம் படத்தில் கீழ்ப்பக்கம் தெரிந்த சிவப்புத் திட்டு. கார்னியா கீழே கொஞ்சம் துருத்த ஆரம்பித்திருக்கலாம், கார்னியா மெலிந்து கூம்பு மாதிரி ஆகும் கெரட்டோகோனஸ் நோயின் தொடக்கமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். அந்தக் கண்ணில் லேசர் வைத்துச் செதுக்கினால் பலவீனமான சுவரை இன்னும் சுரண்டுவது மாதிரி, பார்வை போகப் போக மோசமாகும், கண்ணாடி போட்டாலும் சரியாகாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன், கண்ணைக் கசக்கக் கூடாது, இப்போதைக்குக் கண்ணாடிதான். ஐந்து நிமிடம் பேச்சே வரவில்லை எனக்கு.

முதல் இடத்தில் பணத்தைக் கேட்டேன். முன்பணம் திருப்பித் தர மாட்டோம், ரசீதின் பின்பக்கம் போட்டிருக்கிறதே என்றார்கள். போட்டிருந்தது, எறும்பு எழுத்தில். சரி, ஸ்கேன் ரிப்போர்ட்டாவது கொடுங்கள் என்றால் அது ஆஸ்பத்திரி சொத்தாம். அப்படிக் கிடையாது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002 மருத்துவக் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. அதை எடுத்துப் போட்டு மெயில் அனுப்பினேன், மறுநாள் சாயங்காலம் பிடிஎஃப் வந்தது. வலது கண் 471. அதே இடத்தில் அதே சிவப்பு. லென்ஸ் போட்டதால் கூட அப்படித் தெரிந்திருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அப்படி ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நார்மல் என்று சொல்லி வியாழக்கிழமை எனக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். முன்பணம் கூடப் போகட்டும், இதுதான் எனக்கு ஆறவில்லை.

கடன் தனிக் கூத்து. பணம் அவர்கள் கணக்குக்குப் போய்விட்டது, தவணை என் கணக்கிலிருந்து போகிறது. ஃபைனான்ஸ் கம்பெனி ஆஸ்பத்திரியைக் கேள் என்கிறது, ஆஸ்பத்திரி ஃபைனான்ஸைக் கேள் என்கிறது. தவணையை நிறுத்தினால் சிபில் மதிப்பெண் போய், இனி எங்கேயும் கடன் கிடைக்காதே என்ற பயத்தில் இரண்டு மாதம் கட்டினேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, அந்த எண்ணை இரண்டு பேருக்கும் மெயில் செய்த பிறகுதான் கடன் ரத்தானது, கட்டிய இரண்டு தவணையும் திரும்பியது. "ஆலோசனை மற்றும் பரிசோதனைக் கட்டணம்" என்று என் 5,000 முன்பணத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். முகாம் இலவசம் என்ற நோட்டீஸ் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை என்பதால் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போகிறவர்கள் போங்கள், மாமாவுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓடிபி கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், ஸ்கேன் படம் கையில் வந்து, கத்தி பிடிக்கப் போகிற டாக்டரே உட்கார்ந்து அதை விளக்கும் வரை ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். மிச்சம் எத்தனை மைக்ரான் என்று கேளுங்கள், அந்த ஒரு கேள்விக்கு கவுன்சிலர் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

லாங் பஜாரில் புது ஃப்ரேம் வாங்கிவிட்டேன், காதுக்குப் பின்னால் ரப்பர் மாட்டியது, பசைக் கையோடு குனிந்தாலும் வழுக்கவில்லை. 5,000 வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.