கை படாத இடம் கெடவில்லை: பாவித்த ஆர்15-உடன் இரண்டு வருடங்கள்

பைக் வீட்டுக்கு வந்த அன்று அம்மா வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இதில மரக்கறிப் பையை எங்க கொழுவுறது?"

இரண்டு வருடம் கழிந்துவிட்டது. இன்னும் அதற்கு என்னிடம் பதில் இல்லை. மற்றக் கேள்விகளுக்கு ஓரளவு பதில் சேர்ந்திருக்கிறது, அதைத்தான் எழுதுகிறேன்.

நான் வாங்கியது யமஹா ஆர்15, இரண்டாவது பதிப்பு. எல்லோரும் வி-டூ என்று சொல்வது. 2023 செப்டெம்பரில் வாங்கினேன். அந்த மாதம் முதலாம் திகதியோடுதான் பெற்றோலுக்கான கியூஆர் பங்கீட்டு முறையை நிறுத்தினார்கள். அந்த முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அந்தக் காலத்தில் மாமாவின் பழைய ஸ்கூட்டரை வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரை தள்ளாத குறையாக ஓட்டிக்கொண்டிருந்தேன். கட்டுப்பாடு போனதும் முதலில் வந்த ஆசை இதுதான். வயது முப்பதைத் தாண்டிவிட்டது, இனி இல்லையென்றால் எப்போது என்ற அவசரமும் இருந்தது.

புதிது வாங்குகிற பேச்சுக்கே அப்போது இடமில்லை. 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நின்றிருந்தது. அதனால் நாட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பைக்குகள்தான் கை மாறிக் கை மாறி விலை ஏறிக்கொண்டிருந்தன. எனக்கு உள்ளூர 250 சீசீ இரட்டைச் சிலிண்டர் ஒன்றில்தான் கண். எங்கள் லேன் முனையில் கராஜ் வைத்திருக்கும் பாஸிடம் சொன்னேன். கொட்டாஞ்சேனைக்காரர், இருபது வருடமாக எங்கள் வீட்டு வாகனங்களைப் பார்ப்பவர். "தம்பி, பஞ்சிகாவத்தையில சாமான் கிடைக்குதோ எண்டு முதல்ல போய் விசாரிச்சுட்டு வாங்க. பிறகு கதைப்பம்" என்றார். வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த இடம் அது. போய் விசாரித்தேன். கார்பரேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சின்ன ரப்பர் சாமானுக்கே மூன்று கடை ஏறி இறங்கி, நான்காவது கடைக்காரர் சிரித்தார். ஆர்15-க்கு என்றால் முதல் கடையிலேயே எடுத்து வைக்கிறார்கள். அதோடு 250 கனவு முடிந்தது.

வி-டூ பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: 149 சீசீ, தண்ணீரில் குளிரும் ஒற்றைச் சிலிண்டர், ஆறு கியர், பெற்றோல் இன்ஜெக்‌ஷன், சுமார் 17 குதிரைவலு, எடை 136 கிலோ, இருக்கை உயரம் 800 மில்லிமீற்றர். எண்களைப் பார்த்தால் பெரிய விஷயமில்லை. இதன் பெருமை எஞ்சினை விட ஃபிரேமில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று பைக் பார்த்தோம். பாஸ் கூட வந்தார். வராமல் இருந்திருந்தால் நான் முதல் பைக்கையே வாங்கியிருப்பேன். நுகேகொடையில் நின்றது அது, கறுப்பு, மினுக்கென்று. விற்பவர் கதவைத் திறந்து வெளியே வருவதற்குள் பாஸ் புறங்கையை எஞ்சின் மூடியில் வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது. நாங்கள் வரும் நேரம் தெரிந்து முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது, முதல் நிமிடத்தில் என்ன சத்தம் போடுகிறது, எவ்வளவு புகை வருகிறது என்பது எங்களுக்குத் தெரியக் கூடாது. பாஸ் ஒன்றும் சொல்லவில்லை, தேநீர் மட்டும் குடித்துவிட்டு வந்தோம்.

இரண்டாவது தெமட்டகொடையில். ஹேண்டில் நுனிகள் இரண்டும் புத்தம் புதிது, மற்ற எல்லாம் பழசு. பாஸ் ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, அது வந்து முட்டும் இடத்தில் ஃபோன் வெளிச்சம் அடித்துக் காட்டினார். ஃபிரேமில் அந்தச் சின்னத் தடுப்பு நசுங்கியிருந்தது. விழுந்து, ஹேண்டில் பலமாக அடித்துத் திரும்பியிருந்தால்தான் அங்கே அப்படி நசுங்கும். விளம்பரத்தில் "விபத்து இல்லை" என்று மூன்று முறை போட்டிருந்தார்கள்.

மூன்றாவது வத்தளையில். நீலம். எஞ்சின் குளிர்ந்திருந்தது, முதல் அழுத்தலில் பிடித்தது. முன் ஃபோர்க் குழாயில் விரலை ஓட்டிப் பார்த்தார், எண்ணெய் ஒட்டவில்லை. பின் டயர் ஓரத்தில் 1417 என்று நான்கு இலக்கம். 2017-ஆம் ஆண்டின் 14-வது கிழமையில் செய்தது. டயரின் பட்டன் தேயாமல் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஆறு வயது ரப்பர் மழையில் பிடிக்காது என்று அதற்கு விலை குறைக்கச் சொன்னார். மீற்றர் 23,000 காட்டியது. அதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. கால் மிதியின் ரப்பர், பிரேக் பெடலின் தேய்வு, சாவித் துவாரத்தைச் சுற்றிய கீறல் இவற்றைப் பார்த்துவிட்டு "முப்பத்தஞ்சு ஓடியிருக்கும், பரவாயில்லை" என்றார். கவருக்கு உள்ளே ஒரு இடத்தில் கொளுக்கி உடைந்து கேபிள் டையால் கட்டியிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே நிறைய வயர் போனது. நாங்கள் இருவரும் பார்த்தோம், இருவரும் பெரிதாக எடுக்கவில்லை. அது பிழை.

6 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாவுக்குப் பேசி முடித்தோம்.

எஞ்சினை விட எனக்கு நித்திரையைக் கெடுத்தது பேப்பர்தான். விற்றவரின் பெயர் சீஆர் புத்தகத்தில், அதாவது வாகனப் பதிவுப் புத்தகத்தில், இல்லை. அவர் இன்னொருவரிடம் ஓப்பன் பேப்பரில் வாங்கியவர். பழைய உரிமையாளர் மாற்றப் படிவத்தில் கையெழுத்து மட்டும் வைத்துக் கொடுத்துவிடுவார், வாங்குகிறவர் பெயரை மாற்றாமலே ஓட்டிவிட்டு அப்படியே அடுத்தவருக்குத் தள்ளுவார். கொழும்பில் இது தண்ணீர் பட்ட பாடு. வாங்கி 14 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும் என்பது சட்டம். எத்தனை பேர் செய்கிறார்கள்? பெயரில் இருப்பவருக்கும் ஆபத்து, ஓட்டுபவருக்கும் ஆபத்து: நாளைக்கு ஒரு விபத்து என்றால் பொலிஸ் முதலில் போய் நிற்பது புத்தகத்தில் பெயர் உள்ளவர் வீட்டு வாசலில்.

எங்கள் புத்தகத்தில் கூடுதலாக ஒன்று: முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு லீசிங் கம்பெனியின் பெயர். கடன் எப்போதோ கட்டி முடித்தாயிற்று, பெயரை நீக்கவில்லை. பதிவு உரிமையாளரோ வெளிநாட்டில். நான் 50,000 ரூபாவைப் பிடித்து வைத்துக்கொண்டு, "பெயர் மாறின அன்று தருகிறேன்" என்றேன். விற்றவருக்குக் கோபம் வந்தது, வரட்டும். அந்தப் பணம் என் கையில் இருந்திராவிட்டால் அவர் அதன்பிறகு என் தொலைபேசியை எடுத்திருக்கவே மாட்டார். ஆறு கிழமை அலைந்து, உரிமையாளரின் தம்பியைத் தேடிப்பிடித்து, அவர் வீட்டு அலுமாரியிலிருந்து லீசிங் முடித்த கடிதம் வெளியே வந்தது. நாரஹேன்பிட்டியில் மோட்டார் வாகனத் திணைக்களத்தில் ஒரு பகல் முழுக்க வரிசையில் இருந்தேன். என் பெயர் விழுந்த புத்தகத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோதுதான் பைக் வாங்கியதுபோல இருந்தது.

ஓட்டத்துக்கு வருவோம். முதல் மாதம் இந்த பைக்கை வெறுத்தேன். ஹேண்டில் தாழ்வு, உடம்பின் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். காலி வீதியில் மாலை ஆறு மணிக்கு, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில், கிளட்சைப் பிடித்து விட்டு பிடித்து விட்டு வீடு வரும்போது சோற்றைப் பிசையவே கை வராது. இது எந்த ஸ்போர்ட்ஸ் பைக்குக்கும் உள்ளதுதான். கையால் தாங்கக் கூடாது, முழங்காலால் டாங்கை இறுக்கிப் பிடித்து இடுப்பால் தாங்க வேண்டும் என்று விளங்க எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது. எஞ்சினும் அப்படித்தான். முழு இழுவை நிமிடத்துக்கு 7,500 சுற்றில்தான் வருகிறது. ஸ்கூட்டர் பழக்கத்தில் மெதுவாக முறுக்கினால் பின்னால் வரும் ஆட்டோக்காரர் ஹார்ன் அடிப்பார். ஒரு கியர் குறைத்து ஓட்டப் பழகினேன், சரியாகிவிட்டது.

மூன்றாவது மாதம்தான் அந்தக் கேபிள் டை திருப்பி அடித்தது. வெள்ளவத்தையில், தீபாவளிக்கு முதல் சனிக்கிழமை. புடைவைக் கடைகளுக்கு முன்னால் வீதி அசையவே இல்லை. இருபது நிமிடம் ஊர்ந்திருப்பேன். முழங்காலுக்கு இனிப்பு மணத்தோடு ஒரு ஆவி வந்தது. பார்த்தால் எஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ட் கொதித்துக் கீழே ஒழுகுகிறது. ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு சின்ன ஃபேன் இருக்கிறது. ஓடும்போது காற்று போதும், நிற்கும்போது சூடு ஏறினால் அது தானாகச் சுழல வேண்டும். அன்று சுழலவில்லை. வாகனத்தை நிறுத்தி, ஒரு நகைக் கடை வாசலில் முக்கால் மணி நேரம் இருந்தேன். காவலாளி ஐயா தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்து, ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். கெஞ்சிக் கூத்தாடி அவர் கையைப் பிடித்தேன். கொதிக்கும்போது அதைத் திறந்தால் முகத்தில் அடிக்கும்.

மறுநாள் பாஸ் கவரைக் கழற்றினார். முன்பு வைத்திருந்த யாரோ இரண்டு எல்ஈடி லைட்டும் இரட்டை ஹார்னும் பூட்டி, மின்சாரத்தை ஃபேனுக்குப் போகும் வயரிலிருந்து இழுத்திருக்கிறார்கள். இணைப்பில் சொல்டரிங் இல்லை, முறுக்கி டேப் சுற்றியிருந்தது. டேப் உருகி, வயர் பச்சை பிடித்து, தொட்டதும் உதிர்ந்தது. பாஸ் வெட்டி எடுத்த வயரை நிலத்தில் நீட்டி வைத்தார். என் உயரத்துக்கு இருந்தது. ஃபேனில் ஒரு கோளாறும் இல்லை.

அன்றிலிருந்து கவனிக்கிறேன். இந்த பைக்கில் கெட்டது எதுவும் தானாகக் கெடவில்லை. வெளியில் வாங்கிப் பூட்டிய சத்தமான சைலன்சரால், ஆக்சிலேட்டரை விடும்போதெல்லாம் பட் பட்டென்று வெடிக்கும். தும்முல்லையில் பொலிஸ் மறித்த பிறகு, பஞ்சிகாவத்தையில் பழைய ஒரிஜினல் ஒன்று தேடிப் பூட்டினேன், வெடி நின்றது, பக்கத்து வீட்டு ஐயாவும் மறுபடி சிரிக்கத் தொடங்கினார். யாரோ இழுத்து இறுக்கிய செயினால் பின் ஸ்ப்ரொக்கெட் பல் சாய்ந்திருந்தது, செட்டாக மாற்றினேன். ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பெயாரிங்கான முன் கோன் செட்டையும் யாரோ கழற்றி அளவு தெரியாமல் இறுக்கியிருந்தார்கள். இதற்கெல்லாம் டயரோடு சேர்த்து ஒரு இலட்சத்து 15 ஆயிரம் வரை போயிருக்கிறது. யாரும் திறக்காத எஞ்சினில் நானும் கை வைக்கவில்லை. 2,500 கிலோமீற்றருக்கு ஒருமுறை 10டபிள்யூ-40 ஓயில், இடையில் ஒரு தடவை வால்வ் இடைவெளி பார்த்தது, அவ்வளவுதான். 19,000 கிலோமீற்றர் ஓடிவிட்டேன்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். நான் தினமும் மரைன் டிரைவால் போய் வருகிறேன். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை தண்டவாளத்தைத் தாண்டி உப்பைத் தூவும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு கிழமை விட்டால் செயின் சிவக்கும், கால் மிதி ஸ்பிரிங் இறுகும், நட்டுகளில் வெள்ளை பூக்கும். ஞாயிறு காலை மண்ணெண்ணெய்த் துணியும் எண்ணெயுமாக லேனில் குந்தியிருப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. லேனில் உள்ள சின்னப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று மேற்பார்வை செய்வார்கள்.

நகரத்துக்குள் லீற்றருக்கு 38 கிலோமீற்றர் தருகிறது, தூரம் போனால் 45 தாண்டும். தூரம் என்றால் அதிவேகப் பாதை இல்லை, அங்கே மோட்டார் சைக்கிளை விடமாட்டார்கள். யாழ்ப்பாணத்துக்கு ஒருமுறை போனேன். வவுனியா தாண்டியதும் விரல் மரத்துவிட்டது. நேர்ப் பாதையில் குனிந்தபடியே இருப்பது தண்டனை. திரும்பி வந்து தங்கையிடம், இனி ரயிலில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் அவிசாவளை தாண்டி அட்டன் வீதியில் ஏறிப் பாருங்கள். கித்துல்கலை வரை ஆறு பக்கத்தில் வரும், பிறகு கினிகத்தேனை வளைவுகள். ஒரு வளைவுக்குள் நுழையும்போது உடம்பைச் சற்றுச் சாய்த்தால் போதும், பைக் கோடு போட்டதுபோல உள்ளே போகிறது. நடுவில் ஒரு குழி வந்தால்கூடக் கோடு மாறாது. ஃபிரேம் என்று சொன்னேனே, அது இதுதான். அங்கே நான் 60-ஐத் தாண்டியதாக ஞாபகம் இல்லை, ஆனால் அட்டனில் இறங்கித் தேநீர் குடிக்கும்போது வாயெல்லாம் சிரிப்பு. பின்னால் ஒருவரை ஏற்றினால் அந்தச் சிரிப்பு பாதிதான். பின் இருக்கை ஒரு உள்ளங்கை அகலம், அதுவும் மாடியில். அம்மா ஒருமுறை ஏறிப் பார்த்தார், இறங்குவதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டது.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்ததும், இனிப் பாவித்த பைக்கின் விலை விழும், இப்போதே விற்றுவிடு என்று நண்பர்கள் நச்சரித்தார்கள். போன மாதம் தெரிந்த ஒருவர் மூலம் ஒரு பையன் பார்க்க வந்தான். அவனுக்காகவே காலையில் ஸ்டார்ட் பண்ணாமல் எஞ்சினைக் குளிர விட்டு வைத்திருந்தேன். சீஆர் புத்தகம், சர்வீஸ் பில், வெட்டியெடுத்த அந்த வயர்ச் சுருள் எல்லாம் மேசையில். அவன் எஞ்சினைத் தொடவும் இல்லை, புத்தகத்தைத் திறக்கவும் இல்லை. ஒரு தடவை சுற்றி வந்துவிட்டு, "அண்ணா, இதுக்கு வேற சைலன்சர் போட்டு முன்னுக்கு எல்ஈடி ரெண்டு அடிக்கலாம்தானே?" என்றான்.

இன்னொருவருக்குச் சொல்லிவிட்டேன் என்று சொல்லி அனுப்பினேன்.