திறந்த தரவின் உரிமத்தை மாற்றப் போகிறீர்களா? இப்படியொரு கருத்துரை வந்தால் உஷார்

“இணையதளத்தில் முப்பது நாள் அறிவிப்புப் போடுங்கள். மறுப்பு வராவிட்டால் எல்லோரும் சம்மதித்ததாகக் கொள்ளலாம்.” தன்னார்வலர்கள் சேர்த்த ஊர்ப்பெயர்த் தரவுக்காக முழுக் கட்டணம் கட்டி வாங்கிய இரண்டு பக்கச் சட்டக் கருத்துரையில் இருந்தது இவ்வளவுதான். இது தவறான ஆலோசனை. கொடுத்தவர் பெயர் வேண்டாம்; யார் இதைச் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பங்களிப்பில் உரிமை ஏதும் இருந்தால் அது சேர்த்தவருடையது. அவர் எழுதிக் கொடுக்காமல் திட்டத்துக்கு வந்துவிடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, 30ஆம் பிரிவு உரிமத்தை எழுத்தில்தான் கேட்கிறது. மௌனம் சம்மதம் ஆகாது.

தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் திறந்த உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், சிசி பை-எஸ்ஏ 2.0 என்ற பொதுவான படைப்பு உரிமத்தை விட்டு, தரவுத்தளங்களுக்கென்றே எழுதிய ஓடிபிஎல் உரிமத்துக்கு மாறியபோது என்ன செய்தது? 2010 மே முதல் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் புதிய விதிமுறைக்கு ஒப்புதல் வாங்கியது. பழையவர்களைக் கணக்குக் கணக்காகக் கேட்டது. மறுத்தவர்கள், பதிலே தராதவர்கள் ஆகியோரின் திருத்தங்களை 2012 ஜூலையில் நிரல் ஓட்டி நீக்கியது. செப்டம்பர் 12-இல்தான் புதிய உரிமம் நடைமுறைக்கு வந்தது. நீக்குவது லேசான வேலை இல்லை. ஒரு சாலையை ஒருவர் வரைந்திருப்பார், இன்னொருவர் நீட்டியிருப்பார், மூன்றாமவர் பெயர் சேர்த்திருப்பார். முதல் ஆள் மறுத்தால் அவர் வைத்த புள்ளிகள் போகும், மற்றவர்கள் உழைப்பும் அந்தரத்தில் நிற்கும். ஒவ்வொரு பதிவுக்கும் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாறு இல்லையென்றால் இதைப் பிரிக்கவே முடியாது. நல்ல வக்கீல் முதலில் கேட்பது இந்த வரலாற்றைத்தான்.

அந்தக் கருத்துரை மென்பொருள் உரிமத்துக்கு எழுதியதைத் தரவுக்கு ஒட்டியது என்பதும் அப்பட்டமாகத் தெரிந்தது. “தரவுத்தள உரிமை” என்ற சொல்லே அதில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1996 ஆணைப்படி, தரவைத் திரட்டச் செலவும் உழைப்பும் போட்டவருக்குக் கிடைக்கும் தனி உரிமை அது, 15 ஆண்டுகள் செல்லும். இந்தியாவில் அப்படியொன்று கிடையாது. எந்த நாட்டுச் சட்டப்படி பேசுகிறார் என்று எழுதாத கருத்துரையால் பயனில்லை.

அரசுத் தளம், செயற்கைக்கோள் படம் என வெளியிலிருந்து எடுத்தவை இருந்தால் தனிப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றின் நிபந்தனையும் புதிய உரிமத்தோடு ஒத்துப்போகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்த மாற்றத்துக்கும் இப்போதே வழி எழுதச் சொல்லுங்கள்: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் விதிமுறையில், அதன் அறக்கட்டளை உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்து, செயலில் உள்ள பங்களிப்பாளர்கள் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் ஏற்றால் வேறு திறந்த உரிமத்துக்கு மாறலாம் என்று இருக்கிறது.

திருத்த வரலாறும் மூலப் பட்டியலும் பார்க்காமலே கட்டணம் சொல்பவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.