ஆச்சியின் கேசட்டுகளும் ஆடாசிட்டியின் தானியங்கிப் பதிவும்

எண்பதுகளின் கடைசியில் அப்பா பதிந்து வைத்த 14 கேசட்டுகள் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தன. எல்லாம் ஆச்சியின் குரல்: தாலாட்டு, நடவுப் பாட்டு, ஊர்க்கதை. அப்பா ஒரு பாட்டைப் பதிந்துவிட்டு, நாடாவை வெகுதூரம் ஓட்டிவிட்டுத்தான் அடுத்ததைப் பதிந்திருக்கிறார். சி-60 கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிடம். அதில் பாட்டு எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

இதற்காகத்தான் ஆடாசிட்டி மென்பொருளில் உள்ள, சத்தம் வந்தால் தானாகப் பதிவு தொடங்கும் வசதியைப் பயன்படுத்திப் பார்த்தேன். ஆடாசிட்டி இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். டேப் ரிக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயர், கணினியில் ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டு, அவ்வளவுதான் செலவு.

பதிவு அமைப்புகளில் இந்த வசதியை இயக்கிவிட்டு, சத்தம் எத்தனை டெசிபெலுக்கு (ஒலியின் அளவு; இங்கே 0 தான் உச்சம், கீழே போகப் போக மெல்லிய சத்தம்) மேல் போனால் பதிய வேண்டும் என்று ஓர் எண் கொடுக்க வேண்டும். அதில் ஏற்கெனவே −50 என்று இருக்கும். நான் அதை மாற்றாமல் விட்டேன். 30 நிமிடமும் நிற்காமல் பதிந்தது. வெறும் நாடாவின் இரைச்சலே ஆடாசிட்டியின் ஒலி மீட்டரில் −44 காட்டியது, பிறகு எப்படி நிற்கும்? பயந்து −25 வைத்தேன். இந்த முறை தாலாட்டில் ஆச்சி குரலைத் தாழ்த்திய இடமெல்லாம் காணாமல் போனது.

கடைசியில் பிடிபட்ட முறை இதுதான். முதலில் டேப்பின் வால்யூமையும் பதிவின் ஒலியளவையும் முடிவு செய்துவிட வேண்டும், அப்புறம் அதைத் தொடவே கூடாது. வால்யூம் ஏறினால் இரைச்சலும் கூடவே ஏறும். பிறகு வெறும் நாடாவை ஓட்டி மீட்டரைப் பார்த்து, இரைச்சலுக்கு ஐந்தாறு டெசிபெல் மேலே எண்ணை வைக்க வேண்டும். எனக்கு −38 சரியாக வந்தது. கேசட்டுக்குக் கேசட்டு இரைச்சல் மாறுவதால் ஒவ்வொன்றுக்கும் இதைத் திரும்பச் செய்தேன்.

நாடாவைப் போட்டுவிட்டுச் சமையல் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். பக்கம் முடிந்தால் பதிவும் நின்றுவிடும். ஒரே நாளில் ஐந்து கேசட்டில் என்ன இருக்கிறதென்று தெரிந்துகொண்டேன். அந்த வேலைக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பாதுகாத்து வைக்கும் பிரதியை இப்படி எடுக்காதீர்கள். சத்தம் எல்லையைத் தாண்டிய பிறகுதான் பதிவு தொடங்கும் என்பதால் ‘ஆராரோ’வின் முதல் ‘ஆ’ மெலிந்து போகிறது. பாட்டின் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே ஆச்சி மூச்சு வாங்கும் இடைவெளியும் சுருங்கி, இரண்டு அடிகள் ஒட்டிக்கொள்கின்றன. அந்த மூச்சுதான் எனக்கு ஆச்சி.

அதனால் பாட்டு இருக்கும் பக்கங்களை முழுதாக, நிறுத்தாமல் மறுபடி பதிந்தேன். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் (சிடியின் ஒலித்தரம்), ஒற்றை ஒலித்தடம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 5 எம்பிதான் ஆகிறது. அதன்பின் அதே ஆடாசிட்டியில் ‘லேபிள் சவுண்ட்ஸ்’ கருவியை ஓட்டினால், சத்தம் உள்ள இடங்களில் அடையாளம் போட்டுக் கொடுக்கிறது. அதற்குக் கொடுத்த டெசிபெல் எண் தப்பாகப் போனாலும் மாற்றி ஓட்டிக்கொள்ளலாம், ஒலி அப்படியே இருக்கும். ஒன்பது கேசட் முடிந்திருக்கிறது. இன்னும் ஐந்து பாக்கி.