"இன்னும் 360 பொயின்ட்தான் அண்ணே" என்று மார்ச்சில் வருகிறவரிடம் கவனம்

என் வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் இன்றைக்கும் பதினொரு பிறைமர் (பெயின்டுக்கு முன் சுவரில் அடிக்கிற அடிப்பூச்சு) வாளிகள் அடுக்கி நிற்கின்றன. மேலே உடுப்புக் கூடை. போன மார்ச்சில் பதினெட்டு வாங்கினேன், வேலை எதுவும் கையில் இல்லாமலே. ஏன் வாங்கினேன் என்று மனைவி கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். பெயின்டிங் கொந்திராத்து எடுக்கிறவர்கள் மட்டுமல்ல, டைல்ஸ் பாஸ்மார், வயரிங், பைப் வேலை செய்கிறவர்களும் வாசியுங்கள். எனக்குப் பொயின்ட் காட் தந்த பெயின்ட் கம்பனியின் பெயரைக் கேட்டு இன்பொக்ஸுக்கு வரவேண்டாம், சொல்ல மாட்டேன்.

இந்தப் பொயின்ட் காட் எப்படி என்று தெரியாதவர்களுக்கு: வாளி மூடியின் உள்பக்கம் ஒரு டோக்கன் ஒட்டியிருக்கும். போனில் ஸ்கேன் செய்தால் பொயின்ட் ஏறும். ஆயிரத்தைத் தாண்டினால் சில்வர், மூவாயிரத்துக்குக் கோல்ட், எட்டாயிரத்துக்குப் பிளட்டினம். சில்வர்காரனுக்கு ஒரு பொயின்ட் ஐந்து ரூபாய், கோல்டுக்கு ஏழரை. பிளட்டினம் என்றால் குடும்பத்துக்குக் காப்புறுதி, வெளிநாட்டுப் பயணம் என்று ஆப்பில் படம் படமாக ஓடும். கணக்கு வருடம் ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடியும். அடுத்த நாள் மீட்டர் பூச்சியம். 2022 இல் டொலர் 200 இலிருந்து 360 வரை ஏறி வாளி விலை எங்கேயோ போனது, பொயின்டின் பெறுமதி மட்டும் அசையவில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

கம்பனிக்கு இதில் என்ன லாபம்? வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்காரர் "எந்தப் பெயின்ட் நல்லது?" என்று டிவியிடம் கேட்பதில்லை, என்னிடம்தான் கேட்கிறார். அந்தப் பதிலைத்தான் அவர்கள் வாங்குகிறார்கள். நான் விற்றும் இருக்கிறேன், அதை மறைக்கவில்லை. காலி வீதிப் பக்கம் ஒரு தொடர்மாடியில் ஓர் அன்ரி வாடகைக்கு விடுகிற வீட்டுக்குச் சாதாரண எமல்ஷன் போதும் என்றார். கழுவித் துடைக்கிற விலை கூடிய ரகத்தை எடுக்க வைத்தேன், அதற்கு மூன்று மடங்கு பொயின்ட். இரண்டு வருடத்தில் ஆள் மாறி மறுபடி அடிக்கப்போகிற சுவருக்கு அது தேவையே இல்லை. என்னை நம்பி அவர் காசு கொடுத்தார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். மார்ச் கடைசி வாரம் கம்பனி ரெப், அதாவது விற்பனைப் பிரதிநிதி, சைட்டுக்கே வந்தார், ஏணிக்கு அடியில் நின்று போனைத் தூக்கிக் காட்டினார். பச்சைக் கோடு ஒன்று முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியிருந்தது. 2,640. "இன்னும் 360 பொயின்ட்தான் அண்ணே, கோல்ட். பிறைமர் வாளிக்கு 20. பதினெட்டு எடுத்தால் சரி. புதுவருஷ வேலைக்குத் தேவைப்படும்தானே." சித்திரைக்கு முன் எல்லாரும் வீடு அடிப்பது உண்மை. ஆனால் அது பழைய சுவர் மேலே அடிப்பது. பிறைமர் புதுப் பூச்சுக்குத்தான் வேண்டும். இருபது வருடமாக இந்த வேலை செய்கிற எனக்கு இது தெரியாதா? தெரியும். அந்தக் கோடு நிரம்ப வேண்டும் என்றுதான் மனம் நின்றது.

பழைய சோனகத் தெருவில் நான் வழக்கமாக எடுக்கிற கடை. "வேலை இருக்கா தம்பி?" என்று கடைக்கார நானா ஒரு தரம் கேட்டார். வரும் என்றேன். இரண்டு லட்சத்துக்குக் கிட்ட, நாற்பத்தைந்து நாள் தள்ளித் திகதி போட்ட செக்.

அன்றிரவு மகன் டோர்ச் பிடிக்க, ஸ்குரூடிரைவரால் ஒவ்வொரு மூடியாகக் கிளப்பினேன். டோக்கனில் பிறைமர் ஒட்டியிருந்தால் போன் வாசிக்காது, சாரம் நுனியால் துடைத்துத் துடைத்துப் பிடித்தோம். பதினெட்டாவது முடியும்போது பதினொன்றரை. எல்லா வாளியின் சீலும் உடைந்துவிட்டது, இனிக் கடை திருப்பி எடுக்காது என்ற நினைப்பு அந்த நேரம் எனக்கு வரவே இல்லை.

காலையில் ஆப்பைத் திறந்தால் பொயின்ட் சரியாக 3,000. மேலே "சில்வர்". பச்சைக் கோடு நின்ற இடத்திலேயே நிற்கிறது.

கஸ்டமர் சேர்விஸில் பேசிய பிள்ளை மரியாதையாகத்தான் விளக்கினார். பொயின்ட் இரண்டு வகையாம். பரிசு வாங்குகிற பொயின்ட் ஒன்று, சில்வர், கோல்ட் என்ற தரத்தைத் தீர்மானிக்கிற பொயின்ட் வேறொன்று. பிறைமர், பட்டி, தின்னர் எல்லாம் முதல் வகைக்கு மட்டும். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். நிபந்தனைகளில், ஆங்கிலத்தில், ஆப்பின் அடியில். ரெப்பைப் பிடித்தால் "எனக்கும் தெரியாதே அண்ணே, மேலே பேசிப் பார்க்கிறேன்." பேசினார், பேசினார், ஓகஸ்ட் வரைக்கும் பேசினார். மார்ச் 31 அவருக்கும் டார்கெட் முடிகிற நாள் என்று பிறகு நானாதான் சொன்னார். அவருடைய போனிலும் நிரம்ப வேண்டிய ஒரு கோடு இருந்திருக்கிறது.

செப்டெம்பரில்தான் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். எனக்கு ஐந்து மாதம் கடந்திருந்தது. ஆகவே "பேசிப் பார்க்கிறேன்" என்று யாராவது சொன்னால், அவர் பேசட்டும், நீங்கள் பில்லோடு கடிதத்தை எழுதிவிடுங்கள். ரெப் வாயால் சொல்வதை வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்று. கலர் கலக்குகிற மெஷினுக்குப் போகிற வாளியைக் கடையிலேயே திறந்துதான் ஆக வேண்டும். டோக்கன் அங்கேயே மறைந்துவிடும், அல்லது ஸ்கேன் செய்தால் "ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்று வரும். எனக்கு இரண்டு தரம் நடந்தது, வேறொரு கடையில். மெஷினுக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

பன்னிரண்டு மாதத்தில் பொயின்ட் காலாவதியாகும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. கணக்காளராக இருக்கிற மச்சான் இதைக் கேட்டுச் சிரித்தார். நாம் பரிசு வாங்காமல் வைத்திருக்கிற பொயின்டைக் கம்பனி தன் புத்தகத்தில் கொடுக்கவேண்டிய கடன் மாதிரி வைத்திருக்குமாம், 2018 இலிருந்து நடைமுறையில் இருக்கிற எஸ்எல்எஃப்ஆர்எஸ் 15 என்ற கணக்கியல் நியமத்தின்படி. காலாவதியானால் அதுவும் கம்பனிக்கு வருமானம். "நீ மறந்தாலும் அவர்கள் எழுதி வைத்திருப்பார்கள்" என்றார்.

பிறகு அவரே பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டார். என்னிடம் இருந்த 3,000 பொயின்டுக்குச் சில்வரில் 15,000 ரூபாய். கோல்ட் கிடைத்திருந்தால் 22,500. ஆக, நான் ஓடியது 7,500 ரூபாய்க்கு. செக் இல்லாமல் கைக்காசு கொடுத்து எடுத்தால் நானா நூற்றுக்கு நாலு குறைப்பார். அந்த ஒரு பில்லிலேயே கிட்டத்தட்ட எட்டாயிரம். இப்போது அப்படித்தான் எடுக்கிறேன், டோக்கனைப் பையன்மாருக்குக் கொடுத்துவிடுகிறேன்.

அந்த அன்ரிக்கு இன்னும் போன் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை.

பதினொரு வாளியில் ஆறு தோல் கட்டிவிட்டது. ஐந்து நன்றாக இருக்கிறது. கொழும்பு 13 பக்கம் புதுப் பூச்சு வேலை யாருக்காவது இருந்தால் பாதி விலைக்குத் தருகிறேன், வந்து எடுக்கலாம். டோக்கன் மட்டும் இருக்காது.