ஆயுளுக்கு ஒரு வார்த்தைப்பாடா, ஆண்டுக்கு ஒன்றா?

ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் மூன்றும் கத்தோலிக்கத் துறவிகளுக்குப் பொதுவான வார்த்தைப்பாடுகள், அதாவது கடவுளுக்குக் கொடுக்கும் வாக்குறுதிகள். இவற்றோடு நான்காவதாகச் சேவையையும் சேர்த்துக்கொண்ட இரு குழுக்களின் போக்கு நேரெதிர்.

கமில்லியர் சபையை ரோமில் தொடங்கிய புனித கமில்லஸ் தெ லெல்லிஸ் முன்னாள் படைவீரர், சூதாடி, ஆறாத கால்புண்ணோடு வாழ்ந்தவர். 1591-இல் துறவற சபையாக ஏற்கப்பட்ட அவருடைய குழுவின் நான்காவது வார்த்தைப்பாடு, உயிருக்கே ஆபத்து என்றாலும் நோயாளிக்குப் பணிவிடை செய்வது. கொள்ளைநோய்க் காலங்களில் பலர் அப்படியே இறந்தும் போனார்கள். நித்திய வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டால் அது ஆயுள் முழுவதற்கும்தான்.

பிறரன்புப் புதல்வியர் 1633-இல் பாரிசில் தோன்றியவர்கள். தொடங்கியவர்கள் புனித வின்சென்ட் தெ பவுலும் புனித லூயிஸ் தெ மரிலாக்கும். அன்று துறவறப் பெண்கள் மடத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும். சூப்புப் பானையைத் தூக்கிக்கொண்டு ஏழை நோயாளியின் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அது ஒத்துவருமா? அதனால் மடத்துக் கன்னியர் என்ற பெயரே வேண்டாம் என்று இருந்துவிட்டார்கள் (கெட்டிக்காரத்தனம்தான்!). ஏழைகளுக்கான சேவை உட்பட இவர்களுடைய நான்கு வார்த்தைப்பாடுகளும் ஓராண்டுக்கே. ஆண்டுதோறும் மங்கள வார்த்தைத் திருநாளில் (இயேசுவின் பிறப்பை வானதூதர் மரியாளுக்கு அறிவித்ததை நினைவுகூரும் நாள்) புதுப்பிக்கிறார்கள். திருச்சபைச் சட்டப்படி இன்றும் துறவற சபை அல்ல.

ஓராண்டு என்றால் இளக்காரமாகத் தோன்றும். எனக்கென்னவோ அதுதான் கடினம்: விலகும் வாய்ப்பு வருடாவருடம் திறந்திருக்க, மறுபடியும் சரி என்று சொல்ல வேண்டும். ஆனால் தொற்றுநோய் வார்டின் வாசலில் நின்று யோசிக்க அவகாசம் இருக்காது. அங்கே கமில்லஸின் முறைக்கே என் ஓட்டு.