2,400 டாலர் ஏப்பம்: "ஸ்காலர்ஷிப் கன்ஃபர்ம்" என்று யாராவது சொன்னால் உஷார்

வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் முதுகலை படிக்க எந்த இடத்தை எடுப்பது என்று "இலவசமாக" வழிகாட்டும் ஓர் ஆன்லைன் ஆலோசனைத் தளம், 2,400 டாலரை வாங்கிப் போட்டுக்கொண்டு கையை விரித்துவிட்டது. பெயரைப் போடப்போவதில்லை. போட்டால் முதலில் தூக்கப்படுவது இந்தப் பதிவுதான். தவிர, இதே ராகத்தை வேறு வேறு பெயரில் பாடிக்கொண்டிருக்கும் தளங்கள் நிறைய.

அந்த 2,400 இப்படிப் போனது: 1,900 டாலர் "சீட் உறுதிக் கட்டணம்", 500 டாலர் "ஸ்காலர்ஷிப் ஆக்டிவேஷன்". உதவித்தொகை தருவதற்கு மாணவரிடமே காசு கேட்கும் ஒழுங்கான பல்கலைக்கழகம் உலகத்தில் கிடையாது. விண்ணப்பக் கட்டணம் உண்டு, சேர்க்கை டெபாசிட் உண்டு. ஆக்டிவேஷன் என்று ஒன்று இல்லை.

எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வந்தவை மூன்று இடங்கள். ஒன்று, சிறு நகரத்தில் உள்ள மாநில அரசுப் பல்கலைக்கழகம்: வாரம் 20 மணி நேரக் கற்பித்தல் உதவியாளர் வேலை, கல்விக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, 9 மாதச் சம்பளம். இரண்டாவது, பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகம், ஒரு காசு உதவி கிடையாது. மூன்றாவது, பெருநகரத்தில் ஒரு கல்லூரி, அந்தத் தளம் தானாகவே வாங்கித் தந்தது: "60 சதவீத ஸ்காலர்ஷிப், அக்ரெடிட்டட், டவுன்டவுன் கேம்பஸ், 72 மணி நேரத்தில் பதில் சொல்லணும்."

நம்பிக்கை வந்த இடம் எதுவென்று சொல்கிறேன், ஏனென்றால் அடுத்தவரையும் அங்கேதான் பிடிப்பார்கள். வீடியோ அழைப்பில் அந்த ஆலோசகர் தன் திரையைப் பகிர்ந்தார். அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பள்ளித் தேடல் பக்கத்தைத் திறந்து, கல்லூரியின் பெயரைத் தட்டினார். வந்தது. "பாத்தீங்களா மேடம், கவர்ன்மென்ட் சைட்லயே இருக்கு. இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?" என்றார். அரசு முத்திரையோடு ஒரு பக்கம், அதில் கல்லூரியின் பெயரும் முகவரியும். யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

அந்தப் பட்டியல் சொல்வது ஒன்றே ஒன்று: வெளிநாட்டு மாணவருக்கு, மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐ-20 என்ற தாளை வழங்க இந்த நிறுவனத்துக்கு அனுமதி உண்டு. படிப்பின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அங்கீகாரமே இல்லாத கல்லூரியும் அந்த அனுமதியைப் பெறலாம். அங்கீகாரம் பெற்ற மூன்று கல்வி நிறுவனங்கள் தன் கிரெடிட்டுகளை (பாட அலகுகளை) நிபந்தனையில்லாமல் ஏற்கின்றன என்று காட்டுவது அதற்கு ஒரு வழி. கலிபோர்னியாவில் 2011 ஜனவரியில் சோதனை நடந்து இழுத்து மூடப்பட்ட ட்ரை-வேலி பல்கலைக்கழகம் இந்தப் பட்டியலில் இருந்ததுதான். அதன் நிறுவனர் 16 ஆண்டுக்கு மேல் சிறைத்தண்டனை வாங்கினார். விசா போய்த் தெருவில் நின்றவர்களில் பெரும்பாலோர் இந்திய மாணவர்கள். 2019-இல் அம்பலமான ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் இன்னும் மோசம். விசா மோசடியைப் பிடிக்க அமெரிக்க அரசே மிச்சிகனில் நடத்திய பொய்க் கல்லூரி அது. வகுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. ஆனால் பட்டியலில் பெயர் இருந்தது. அரசு கேட்டுக்கொண்டதால் ஓர் அங்கீகார அமைப்பும் அதைத் தன் பட்டியலில் சேர்த்து வைத்திருந்தது.

ஆக, அங்கீகாரத்தைப் பார்க்க வேண்டிய இடம் வேறு. அமெரிக்காவில் கல்லூரிக்கு அங்கீகாரம் தருவது அரசு அல்ல, தனி அமைப்புகள். எந்த அமைப்பின் சொல் செல்லும் என்பதைத்தான் கல்வித்துறை தீர்மானிக்கிறது. கல்வித்துறைக்கென்று அங்கீகாரத் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது, யாரும் இலவசமாகத் தேடலாம். அங்கே மூன்றைப் பாருங்கள்: அமைப்பின் பெயர், நிலை (முழு அங்கீகாரமா, அதற்கு முந்தைய படியான முன்-அங்கீகாரமா), எந்தெந்த வளாகங்கள் அதில் அடங்கும். "கேண்டிடேட்" என்றோ "விண்ணப்பித்துள்ளோம்" என்றோ இருந்தால் ஏன் என்று கேளுங்கள். விண்ணப்பித்தேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

மூன்றாவது கல்லூரியின் கடிதத்தில் பளபளவென்று ஒரு முத்திரை, "முழு அங்கீகாரம் பெற்றது" என்ற வரி. அந்த முத்திரையைக் குத்திய அமைப்பே கல்வித்துறைப் பட்டியலில் இல்லை. இப்படிப்பட்ட அமைப்பைக் கல்லூரிக்காரர்களே உருவாக்கிக்கொள்வதும் உண்டு. பட்டியலில் இருந்த அமைப்பும் வெளியே போகலாம்: தொழிற்கல்லூரிகள் பலவற்றுக்கு அங்கீகாரம் தந்துவந்த ஏசிஐசிஎஸ் 2022 ஆகஸ்டில் கல்வித்துறையின் ஏற்பை இழந்தது. பழைய துண்டுப்பிரசுரத்தை வைத்துக்கொண்டு முடிவெடுக்கக் கூடாது, இன்றைய நிலையைப் பாருங்கள். "டாட் எடு" (.edu) என்று முடியும் இணைய முகவரியும் சாட்சியாகாது. 2001-க்கு முன்பே அந்த முகவரியை வாங்கியவர்கள் அங்கீகாரம் இல்லாமலே இன்னும் வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் காகிதச் சண்டை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. எச்-1பி என்ற வேலை விசாவில் அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்கென்று ஒதுக்கிய 20,000 இடத்துக்குப் போட்டியிட, பட்டம் தந்த நிறுவனம் அங்கீகாரமோ முன்-அங்கீகாரமோ பெற்றதாக இருக்க வேண்டும். அது மட்டும் போதாது, அரசு நிறுவனமாகவோ லாப நோக்கற்றதாகவோ இருக்க வேண்டும். லாபத்துக்கு நடத்தும் கல்லூரியின் பட்டம், அங்கீகாரம் இருந்தாலும், அந்த ஒதுக்கீட்டுக்கு உதவாது. படித்து முடித்தபின் வேலை செய்ய ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பிரிவினருக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்புக்கும் அங்கீகாரம் கட்டாயம். இந்த வாக்கியத்தை எந்த ஆலோசகரும் வாயைத் திறந்து சொல்வதில்லை.

இனி அந்த 60 சதவீதம். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: முதல் பருவத்துக்கு மட்டும், கல்விக் கட்டணத்தில் மட்டும். கணக்குப் போடுங்கள். கிரெடிட் ஒன்றுக்கு 1,500 டாலர், மொத்தம் 36 கிரெடிட் என்றால் 54,000. முதல் பருவத்தில் எடுப்பது 9 கிரெடிட், அதாவது 13,500. அதில் 60 சதவீதம் 8,100. மொத்தப் படிப்புக்குப் பார்த்தால் 15 சதவீதத் தள்ளுபடி! 60 என்று காதில் விழுந்தது, 15 என்று கையில் கிடைத்தது. அடுத்த பருவத்திலும் தொடர்ந்து தருவதாக இருந்தால், எத்தனை மதிப்பெண் சராசரி வைத்திருக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். 3.0 வழக்கமானது. 3.5 கேட்டால் அது தராமல் இருப்பதற்கான வழி.

உதவியாளர் வேலையோடு வரும் இடத்தையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்லவில்லை. கல்விக் கட்டணம் தள்ளுபடி என்றாலும் மாணவர் கட்டணங்களும் மருத்துவக் காப்பீடும் பல இடங்களில் தனி. மாதம் 2,000 டாலர் என்பது 9 மாதத்துக்கு 18,000. பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் 1,500-தான் நிற்கிறது, கோடை வாடகை சும்மா வராது. அப்படிப் பார்த்தாலும் முதல் இடம்தான் எங்கோ மேலே இருந்தது.

அதைத்தான் மறுக்க வைத்தார்கள். "மத்த ஆஃபரை டிக்ளைன் பண்ணிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க மேடம், அப்பதான் ஸ்காலர்ஷிப் ரிலீஸ் ஆகும்." ஏப்ரல் 15 உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் கூட்டமைப்பு கொண்டுவந்தது, பல பல்கலைக்கழகங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. நிதி உதவியோடு வரும் இடத்துக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லியாக வேண்டும் என்று மாணவரை நெருக்கக் கூடாது என்பதே அதன் சாரம். உதவி இல்லாத வெறும் சேர்க்கைக்கு அது பொருந்தாது, கையெழுத்திடாத கல்லூரியையும் அது கட்டுப்படுத்தாது. 72 மணி நேரக் கெடு வைப்பவர் கையெழுத்திட்ட பட்டியலில் இருக்கிறாரா என்று பார்த்தாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

பணம் கட்டியாயிற்று, ஐ-20 வந்தது. அதன் முதல் பக்கத்தில் நிதி என்ற பகுதியில் ஒரு புறம் செலவுகள், மறுபுறம் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கணக்கு. சொந்தப் பணம், இந்தக் கல்லூரி தருவது, வேறு இடத்திலிருந்து வருவது, வளாக வேலை என்று தனித்தனி வரிகள். "கல்லூரி தருவது" என்ற வரியில் இருந்தது பூஜ்யம். 2,400 டாலருக்குக் கிடைத்தது அந்தப் பூஜ்யம்.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில், "அது டெம்ப்ளேட் மேடம், அப்டேட் ஆகிடும்." அடுத்து, "ஃபைனான்ஸ் டீம் கூப்பிடுவாங்க." யாரும் கூப்பிடவில்லை. சாட்டில் கேட்டால், "உங்கள் டிக்கெட் முடித்துவைக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று வருகிறது. தொலைபேசியில் ஒருவர், "காலேஜ்கிட்ட கேளுங்க, நாங்க வெறும் ஃபெசிலிடேட்டர்" என்றார். கல்லூரிக்கு எழுதினால் பதில் வந்தது, அதுதான் உச்சம்: தங்களுக்கு வந்த டெபாசிட் 300 டாலர், அது திருப்பித் தரத்தக்கதல்ல, ஆக்டிவேஷன் கட்டணம் என்று தாங்கள் எதுவும் வாங்குவதில்லை. 2,400-இல் கல்லூரிக்குப் போனது 300. மீதி 2,100? "சேவை வழங்கப்பட்டுவிட்டது, எங்கள் விதிமுறை 14-ஐப் பார்க்கவும்."

ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் மாணவர் தலைக்கு இவ்வளவு என்று தரகு கொடுத்து ஆள் சேர்க்க, அரசு நிதி உதவி வாங்கும் கல்லூரிகளுக்குத் தடை உண்டு. ஆனால் வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டு மாணவரைச் சேர்ப்பதற்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு. "இலவச" ஆலோசனை எந்தக் கல்லூரியை நோக்கித் தள்ளும் என்பதை இதிலிருந்தே கணித்துக்கொள்ளலாம். நல்ல முகவர்களும் இருக்கலாம், இன்று எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை.

இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "டவுன்டவுன் கேம்பஸ்" என்பது அலுவலகக் கட்டடத்தில் ஒரு தளம். தாய் வளாகத்தின் அங்கீகாரம் கிளைக்கும் உண்டா என்பதைத் தரவுத்தளத்தில் அந்த முகவரியை வைத்தே பாருங்கள். ஐ-20-இல் இருப்பதும் வகுப்பு நடப்பதும் ஒரே வளாகமா என்று கேளுங்கள். எஃப்-1 (மாணவர் விசா) மாணவருக்கு முழுநேரப் படிப்பின் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஓர் ஆன்லைன் பாடம்தான் சேரும். "வாரக் கடைசியில் வந்தால் போதும்" என்று சொல்லும் இடத்தை விட்டு ஓடிவிடுங்கள்.

விரிவாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், தெம்பு இல்லை. அவசரத்துக்கு இவை:

கல்லூரியின் மாணவர் கணக்குக்குள் நுழைந்து அங்கிருந்து மட்டும் பணம் கட்டுங்கள், யார் அனுப்பும் லிங்கிலும் வேண்டாம்.

உதவித்தொகை எத்தனை பருவம், எவ்வளவு தொகை, என்ன நிபந்தனை என்று துறையிடமே மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தி செல்லாது.

ஒன்று எழுத்தில் உறுதியாகும்வரை மற்றொன்றை மறுக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் கேட்பவன் திருடன்.

ஐ-20 மாறினால் செவிஸ் (வெளிநாட்டு மாணவரைப் பதிவுசெய்யும் அமெரிக்க அரசு அமைப்பு) கட்டணம் 350 டாலரை மறுபடி கட்டாதீர்கள், விசா வாங்கும் முன் புதிய ஐ-20-இல் உள்ள செவிஸ் எண்ணுக்கு மாற்றக் கேட்கலாம்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள்: அட்டையில் கட்டியிருந்தால் இன்றே வங்கியில் டிஸ்ப்யூட் (பணத்தைத் திருப்பக் கோரும் புகார்) போடுங்கள், அதற்குக் கால வரம்பு உண்டு. ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், கல்லூரி பெயர் இல்லையென்றால் அதையே முதல் ஆதாரமாக வையுங்கள். "எங்களுக்கு வந்தது இவ்வளவுதான்" என்று கல்லூரியிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வாங்கி அதோடு சேர்த்து அனுப்புங்கள்.